இழை எடுத்து வைத்த அக்காவுக்கும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கும்

டொராண்டோ வெள்ளிக்கிழமைக் கூட்டு வழிபாட்டு அன்பர்களுக்கும், ஊரில் உள்ள பங்காளிகள், தாயபிள்ளைகள் அனைவருக்கும் வணக்கம்.

நல்லபடியாகக் காரைக்குடி வந்து சேர்ந்துவிட்டோம். நேற்று பிள்ளையார்பட்டியில், யார் கையையும் பிடிக்காமல் என் வீட்டுக்காரர் தானே நடந்துபோய் கற்பக விநாயகர் முன்னால் நின்றார். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். திரும்ப எழுத மனசு வரவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நம் நகரத்தார் வழக்கப்படி பிள்ளையார் நோன்புக்குத் திருக்கார்த்திகையிலிருந்து தினமும் கோடி வேட்டியில், அதாவது புது வேட்டியில், ஓர் இழை நூல் எடுத்து வைப்போம். 21-ஆம் நாள் அதைத் திரியாக்கி, வெல்லம் சேர்த்துப் பிசைந்த அரிசிமாவான இழைமாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். கடலில் புயலில் சிக்கிய நம்மவர்கள் வேட்டியில் தினம் ஒரு நூல் உருவி நாள் எண்ணி, 21-ஆம் நாள் கரை சேர்ந்தார்கள் என்று ஆயா கதை சொல்வார். வீட்டுக்காரரோடு ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்த எனக்குக் கார்த்திகை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

மார்கழியில் ஒரு நாள் நம் கூட்டத்து யாழ்ப்பாணத்து அக்கா வந்து (பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்) கையில் மூன்று கவர் கொடுத்தார். எங்கள் மூன்று பேர் பெயரும் எழுதி, உள்ளே வெள்ளை நூல். கவரின் பின்பக்கம் பென்சிலால் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு. எப்போதோ டீ குடிக்கும்போது நான் சொன்ன கதையை ஞாபகம் வைத்திருக்கிறார். "யோசிக்காதேங்கோ தங்கச்சி, ஒரு நாளும் விடேல்லை" என்றார். அவர்கள் ஊரிலும் இதே நாட்களில்தான் பிள்ளையார் பெருங்கதை விரதமாம். 21 இழையில் காப்புக் கட்டுவார்களாம். தன் விரதத்தோடு என் நோன்பையும் சேர்த்துச் சுமந்திருக்கிறார்.

நோன்பு நாள் அன்று வெள்ளிக்கிழமைகூட இல்லை. ஆனாலும் அத்தனை பேரும் அக்கா வீட்டுக்கு வந்தீர்கள். கூட்டத்தில் மூத்த ஐயாதான் எனக்கும் பையனுக்கும் இழை எடுத்துக் கொடுத்தார். புகை அலாரம் அடித்துவிடக் கூடாதே என்று ஒருவர் ஸ்டூல் மேல் ஏறி நின்று துண்டால் விசிறிக்கொண்டே இருந்தார். பல நாளுக்கு அப்புறம் அன்றுதான் சிரித்தேன். வீட்டுக்காரருடைய கவரைப் பிரிக்காமல் எடுத்துப்போய்த் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

சாப்பாடு கொண்டு வந்தவர்கள், பனியில் கார் ஓட்டியவர்கள், பையனைப் பள்ளிக்கு அழைத்துப் போனவர்கள், இங்கே குன்றக்குடியிலும் வைரவன்பட்டியிலும் வேண்டிக்கொண்ட ஆச்சிமார், அண்ணன்மார் எல்லோருக்கும் எங்கள் நன்றி.

தனியாக உட்கார்ந்தால் எனக்கு ஒரு வரிகூடச் சொல்ல வராது, அழுகைதான் வரும். கூட்டத்தில் நான் நிறுத்தினாலும் பாட்டு நிற்காது. நாலு வரி தள்ளிச் சேர்ந்துகொள்ளலாம். அந்தத் தெம்பில்தான் அடுத்த வெள்ளி வரை ஓட்டினேன். கடலில் போன அந்தப் பெரியவர்களும் இப்படித்தான் தாங்கியிருப்பார்கள் போல.

இனி ஒவ்வொரு கார்த்திகையும் எங்கள் இழையோடு, நம் கூட்டத்தில் யாரால் எடுக்க முடியவில்லையோ அவர்களுக்கும் சேர்த்து நான் எடுத்து வைப்பேன். இது பிள்ளையார் மேல் ஆணை. கோடி வேட்டி காரைக்குடியிலேயே வாங்கி வருகிறேன். அக்கா, உங்களுக்குக் கருப்பட்டிப் பணியாரமும் உண்டு.