அரசாங்க மருத்துவமனை மீது வழக்கா? 36 மாதம்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிகிச்சையில் தவறு நடந்தால் ஆறு வருடத்துக்குள் வழக்குப் போடலாம் என்று தோட்டப்புறத்தில் பலர் நம்புகிறார்கள். தீபகற்ப மலேசியாவில் அது தனியார் மருத்துவமனைக்குத்தான் சரி. அரசாங்க மருத்துவமனை என்றால், 1948-ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி 36 மாதம்தான். புகார்க் கடிதம் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் கெடு நீளாது. பல வழக்குகள் இங்கேயே செத்துவிடுகின்றன.

முதலில் முழு சிகிச்சைப் பதிவின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். ஒரு பக்க மருத்துவ அறிக்கை போதாது. உண்மையைச் சொல்வது தாதியர் குறிப்புதான். இரவு 2 மணிக்கு ரத்த அழுத்தம் மிகக் குறைவாக 80/50, டாக்டர் வந்து பார்த்தது 5 மணிக்கு என்றிருந்தால், இடைப்பட்ட மூன்று மணி நேரம்தான் வழக்கே.

பிறகு அதே துறை நிபுணரின் கருத்து வேண்டும். தவறு நடந்தது என்று மட்டும் சொன்னால் ஆகாது, அதனால்தான் பாதிப்பு வந்தது என்றும் அவர் எழுத வேண்டும். சக டாக்டருக்கு எதிராக எழுத உள்ளூரில் ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு.

சம்மதப் பாரத்தில் கையெழுத்துப் போட்டாச்சே என்று சோர்ந்துவிட வேண்டாம். முக்கிய அபாயங்களை டாக்டர் விளக்கியிருக்க வேண்டும் என்று ஃபூ ஃபியோ நா என்ற நோயாளி போட்ட வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

இன்னொன்று: “ஜெயித்தால் மட்டும் பீஸ்” என்று வழக்கறிஞர் ஒப்பந்தம் போடுவதை 1976-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம் தடுக்கிறது. அப்படிப் பேசிக்கொண்டு தோட்ட லயத்து வீடுகளுக்கு வரும் ஏஜெண்டிடம் அசல் பத்திரங்களைக் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்,
சுங்கை சிப்புட், பேராக்