எந்த ஆண்டு ஹிட்லர்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டெல்டாவில் அறுவடை தொடங்கிவிட்டால் வாட்ஸ்அப் குழுக்களில் கொள்முதல் நிலையம்தான் பேச்சு. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, சாக்கு இல்லை, லாரி வரவில்லை, குவித்த நெல் மழையில் முளைக்கிறது என்று சரியாகத்தான் ஆரம்பிக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் முதல்வரை ஹிட்லர் என்கிறார். பிரதமர்தான் ஹிட்லர் என்று இன்னொருவர் பதில் போடுகிறார். அதோடு நெல் மறந்துபோகிறது. இணைய விவாதம் நீள நீள ஹிட்லர் பெயர் வந்தே தீரும் என்று அமெரிக்க வழக்கறிஞர் மைக் காட்வின் 1990-லேயே சொன்னார். ஒப்பிடவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. விஷயம் தெரிந்து ஒப்பிடுங்கள் என்று பின்னாளில் விளக்கினார். எங்கள் வேண்டுகோளும் அதுவே.

60 லட்சம் யூதர்களைக் கொன்ற ஆட்சியை மனதில் வைத்து ஓர் அமைச்சரைத் திட்டினால், 'இங்கே வதைமுகாம் எங்கே இருக்கிறது?' என்ற ஒரே கேள்வியில் அவர் தப்பிவிடுவார். படிக்க வேண்டிய ஆண்டு 1933. ஜனவரி 30-ல் ஹிட்லருக்கு ஆட்சித் தலைமை நியமனமாகக் கிடைத்தது; முந்தைய நவம்பர் தேர்தலில் அவர் கட்சி வாங்கியது 33 சதவீதம்தான். பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாளே பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் அவசர ஆணையால் பறிபோயின. நாடாளுமன்றத்தைக் கேட்காமல் அமைச்சரவையே சட்டம் போடலாம் என்ற மசோதா மார்ச் 23-ல் 444-க்கு 94 என்று நிறைவேறியது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்களால் அவைக்கு வரவே முடியவில்லை. எதிர்த்து வாக்களித்தது சமூக ஜனநாயகக் கட்சி மட்டும். மே 2-ல் தொழிற்சங்க அலுவலகங்கள் கைப்பற்றப்பட்டன. ஜூலை 14-ல் புதுக் கட்சி தொடங்குவதே குற்றமாயிற்று. ஆறு மாதம்கூட ஆகவில்லை, எல்லாம் சட்டத்தின் பெயரால்!

இதோடு ஒன்றை ஒப்பிட வேண்டுமானால், எந்த உத்தரவு, எந்தத் தேதி, யாருடைய உரிமை போயிற்று, தட்டிக்கேட்க நீதிமன்றமோ பத்திரிகையோ மிச்சம் இருக்கிறதா என்று எழுதுங்கள். 'நம் நாட்டுக்கு ஒரு ஹிட்லர் வந்தால்தான் திருந்தும்' என்று டீக்கடையில் புகழ்கிறவர்களுக்கும் அந்த ஆறு மாதக் கணக்கைக் காட்ட வேண்டும். அந்தப் பேச்சுதான் எங்களுக்கு அதிகக் கவலை தருகிறது.

ஜெர்மனிவரை போகாமலும் அளந்து பார்க்கலாம். 1975 ஜூன் 25 இரவு முதல் 1977 மார்ச் 21 வரை இங்கேயே நெருக்கடி நிலை இருந்தது. பத்திரிகைத் தணிக்கை, விசாரணை இல்லாமலே சிறையில் அடைக்க வழிசெய்த மிசா சட்டத்தில் கைது, 1976 ஜனவரி 31-ல் தமிழக ஆட்சிக் கலைப்பு. மிசாவில் அடைபட்டவருக்காக ஆட்கொணர்வு மனுகூடப் போட முடியாது என்று அதே ஆண்டு ஏப்ரல் 28-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. 'உள்நாட்டுக் குழப்பம்' என்று காரணம் காட்டி நெருக்கடி நிலையை அறிவிக்க முடியாதபடி 1978-ல் 44-வது திருத்தம் வந்தது. உயிர்வாழும் உரிமையை நெருக்கடி நிலையிலும் நிறுத்திவைக்க முடியாது என்றும் ஆனது.

ஒரு பெயரைச் சொல்லித் திட்டும்போது அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதும் மறைந்துவிடுகிறது. ஈரப்பத வரம்பைத் தளர்த்துவது மத்திய அரசு. தளர்வு கேட்டு எழுத வேண்டியது மாநில அரசு. சாக்கும் லாரியும் மாநிலத்தின் பொறுப்பு. இரண்டையும் ஒரே ஆளின் தலையில் கட்டினால் மனுவை எங்கே கொடுப்பது?

ஊராட்சித் தலைவரை முசோலினி என்று எழுதுகிறவர்கள் கிராம சபையில் வரவு செலவுக் கணக்கைக் கேட்கலாம். கிடைக்காவிட்டால் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

இப்படிக்கு,
பணி நிறைவு பெற்ற வரலாற்று ஆசிரியர்கள்,
மன்னார்குடி வட்டம்.