எரிமலைப் படத்தில் விடுபட்டவை

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறுவர் பக்கத்தில் வந்த எரிமலையின் குறுக்குவெட்டுப் படம் பார்த்தேன். அடியில் மாக்மா (உருகிய பாறைக்குழம்பு) அறை, நடுவே குழாய், உச்சியில் எரிமலைவாய், பக்கவாட்டில் கிளைத்துளை, வெளியே வழியும் லாவா என எல்லாப் பாகத்துக்கும் பெயர் போட்டிருந்தீர்கள். படம் அருமை. ஆனால் மலை ஏன் வெடிக்கிறது என்பதற்கு, உள்ளே சூடு அதிகமாவதால் என்று ஒரே வரி. அது போதாது.

வெடிக்க வைப்பது வாயு. ஆழத்தில் மாக்மாவுக்குள் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் கந்தக வாயுக்களும் கரைந்திருக்கும். மேலே உள்ள பாறையின் அழுத்தம் அவற்றை அமுக்கி வைத்திருக்கும். மாக்மா மேலேற ஏற அழுத்தம் குறைந்து, வாயு குமிழிகளாகப் பிரியும். குழம்பு இளக்கமாக இருந்தால் வாயு சுலபமாக வெளியேறும், லாவா வழிந்தோடும். ஹவாய் தீவில் பெரும்பாலும் அப்படித்தான். சிலிக்கா மிகுந்து பிசுபிசுப்பாக இருந்தால் வாயு சிக்கிக்கொள்ளும். சாயல்குடிப் பக்கம் கருப்பட்டி காய்ச்சுவதைப் பார்த்த பிள்ளைக்கு இது உடனே விளங்கும்: பதநீரில் குமிழி வந்த வேகத்தில் உடையும், பாகு இறுகிய பிறகு அதே குமிழி திணறித் திணறித் தெறிக்கும்.

அப்படிச் சிக்கிய வாயு வெடிக்கும்போது குழம்பே சிதறிச் சாம்பலாகவும் கல்லாகவும் பறக்கிறது. குமிழிகளோடு உறைந்த துண்டுதான் நுரைக்கல். தண்ணீரில் மிதக்கும். 1883-இல் இந்தோனேசியாவின் கிரகடோவா வெடித்தபோது கடலில் விழுந்த நுரைக்கற்கள் ஆப்பிரிக்கக் கரைவரை மிதந்து போயின. அதற்காக நம் கரையில் கிடக்கும் ஓட்டைக் கல்லெல்லாம் நுரைக்கல் ஆகிவிடாது. மன்னார் வளைகுடாவில் அது பெரும்பாலும் செத்த பவளத்தின் துண்டு. ஒரு சொட்டு வினிகர் விட்டால் பவளம் பொங்கும், நுரைக்கல் பொங்காது. (பார்த்துவிட்டுக் கல்லை அங்கேயே போட்டுவிட வேண்டும். பவளத்தை எடுத்துப்போவது குற்றம்.)

அப்புறம், படத்தில் கடலே இல்லை. கிரகடோவாவில் இறந்த 36,000-க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோரைக் கொன்றது லாவா அல்ல, சுனாமி. அதே இடத்தில் முளைத்த அனாக் கிரகடோவாவின் ஒரு பக்கம் 2018 டிசம்பர் 22 இரவு கடலுக்குள் சரிந்தது. அதனால் எழுந்த சுனாமியில், பெரிய நிலநடுக்கம் எதுவும் இல்லாததால் முன்னெச்சரிக்கை கிடைக்காமல் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் நாட்டிலும் அந்தமானில் பாரன் தீவு எரிமலை நெடுங்காலம் அடங்கிக் கிடந்து 1991-இல் மறுபடி வெடித்தது.

2004 சுனாமியில் இலங்கை குறுக்கே இருந்ததால் எங்கள் மண்டபம் பக்கம் அடி குறைவு. அதனால் இங்கே பலருக்குச் சுனாமி என்றால் நாகப்பட்டினத்து விஷயம். பாம்பன், ராமேசுவரம் பக்கம் கடல் உள்வாங்குவதும் காற்றையும் பருவத்தையும் பொறுத்து அடிக்கடி நடப்பதுதான். பிள்ளைகள் பயப்படாமல் இறங்கிச் சங்கு பொறுக்குவார்கள். எனக்கு உறுத்துவது இதுதான். காற்றுக்கு மெல்ல உள்வாங்கும் கடலையும், சில நிமிடங்களில் விறுவிறுவென்று பின்வாங்கும் கடலையும் எப்படிப் பிரித்தறிவது, இரண்டாவதைக் கண்டால் சங்கையும் மீனையும் விட்டுவிட்டு எப்படி மேட்டுக்கு ஓடுவது என்பதை அடுத்த சிறுவர் பக்கத்தில் படத்தோடு போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மண்டபம்