மறுபடி பையை மாட்டிவிட்டேன்: டவுன் பஸ் கண்டக்டர் ஒருவரின் நன்றி மடல்

மதுரை பெரியார் பேருந்து நிலையத்தில் ஏறி இறங்கும் பயணிகளுக்கும், எங்கள் டிப்போ தோழர்களுக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும் வணக்கம்.

முழு டூட்டிக்குத் திரும்பியதிலிருந்து, "என்ன கண்டக்டரே, ரொம்ப நாளா ஆளையே காணோம்?" என்று கேட்காதவர்கள் குறைவு. டிக்கெட் கிழித்துக்கொண்டே சொல்லி முடிக்கிற கதை இல்லை. பாதி சொல்வதற்குள் அவரவர் நிறுத்தம் வந்துவிடுகிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

காளவாசல் பக்கம் ஒரு டூவீலர் திடீரென்று குறுக்கே புகுந்தது. டிரைவர் அண்ணன் பிரேக் அடித்தார். ஒரு கையில் மெஷினும் ஒரு கையில் சில்லறையுமாக நின்ற நான் முன்கம்பியில் போய் மோதினேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லிக் கேட்டது.

முதல் நன்றி, பெயர் தெரியாத அந்த நர்சிங் மாணவிக்கு. நம் ஊரில் ஒருவர் மயங்கி விழுந்தால் ஒருவர் சோடா வாங்க ஓடுவார், ஒருவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உட்காரவைப்பார், ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார். அன்றைக்கும் மூன்று பேரும் தயாராகத்தான் இருந்தார்களாம். அந்தப் பெண் என் தலைமாட்டில் மண்டிபோட்டு, காதோடு சேர்த்துத் தலையை இரண்டு உள்ளங்கைக்குள் அடக்கிப் பிடித்துக்கொண்டு, "யாரும் தூக்காதீங்க, கழுத்துல அடி இருக்கலாம்" என்று ஒரு அதட்டுப் போட்டிருக்கிறார். 108 வந்து கழுத்துப் பட்டை மாட்டும்வரை கையை எடுக்கவில்லை. கட்டணமில்லா டிக்கெட்டில் பெயரா இருக்கும், தேடிப் பிடிக்க? இதைப் படித்தால், தங்கச்சி, எங்கள் டிப்போவுக்கு ஒருநாள் வந்துபோம்மா. என் வீட்டுக்காரி உன்னைப் பார்க்காமல் விடமாட்டேன் என்கிறாள்.

என் தோல்பையைக் கழற்றி மடியில் வைத்துக் காத்திருந்து, டைம் கீப்பர் கையில் ஒப்படைத்துவிட்டே வீட்டுக்குப் போன பெரியவருக்கு அடுத்த நன்றி. கலெக்‌ஷன் ஒரு ரூபாய் குறையவில்லை. குறைந்தால் யார் கைக்காசு போகும் என்று கண்டக்டர்களுக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை, எலும்பு முறிவு இல்லை. "நார்மல்" என்றதும் சொந்தபந்தமெல்லாம் கிளம்பிவிட்டது. இரவுப் பணியில் இருந்த டாக்டர் மட்டும் என் வீட்டுக்காரியைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அடியில் மூளை குலுங்கிப்போவதுதான் மூளை அதிர்ச்சி, அது ஸ்கேனில் தெரியாது, கசிவு இல்லை என்பதற்குத்தான் ஸ்கேன், மூளையின் வேலை கொஞ்சநாள் தடுமாறும் என்று விளக்கினார். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினால் எழாத தூக்கம், பேச்சுக் குழறல், வலிப்பு, இதில் ஒன்று வந்தாலும் உடனே அழைத்து வாருங்கள் என்று ஓ.பி. சீட்டின் பின்பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ரொம்பநாள் ஒட்டியிருந்தது. ஓரிரு நாள் ஓய்வு, அப்புறம் மெதுவாக நடக்கத் தொடங்குங்கள், இருட்டறையில் படுத்தே கிடக்காதீர்கள் என்றதும் அவர்தான்.

வேறோர் இடத்தில் கழுத்துக்குப் பட்டை கொடுத்து, தூங்கும்போதுகூடக் கழற்றாதே என்றார்கள். மாட்டிக்கொண்டே இருந்ததில் கழுத்து இறுகிப்போனதுதான் மிச்சம். யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத் திரும்புவேன். திரும்பியதும் தரை சாயும். வலது கண்ணுக்குப் பின்னால் ஒரு வலி. கண் டாக்டர் கண்ணில் ஒன்றுமில்லை என்றார். ஸ்கேனிலும் ஒன்றுமில்லை, கண்ணிலும் ஒன்றுமில்லை என்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நடிக்கிறான் என்றும் இரண்டொருவர் பேசினார்கள். சரி, அதை விடுங்கள்.

என்னை நம்பியவர் பிசியோதெரபிஸ்ட் மேடம். "மண்டை அஞ்சு கிலோ கனம் சார். அது குலுங்கினா தாங்கிட்டிருக்கிற கழுத்து மட்டும் சும்மா இருக்குமா?" என்றார். கழுத்தின் மேல் மூன்று எலும்புகளிலிருந்து வரும் நரம்பும், முகத்துக்குப் போகும் நரம்பும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் சேர்கின்றனவாம். அதனால் கழுத்து வலியை மூளை கண்வலி என்று எடுத்துக்கொள்கிறது. பிடரி எலும்புக்குக் கீழே ஒரு விரலை வைத்து அழுத்தினார். அதே வலி, அதே கண்ணில். அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

அப்புறம் ஒரு வேடிக்கை. தலையில் பட்டை கட்டி, அதில் ஒரு லேசர் விளக்கை மாட்டினார். சுவரிலிருந்து 90 செ.மீ. தள்ளி நாற்காலி. புள்ளியை நடுவில் நிறுத்தி, கண்ணை மூடி, தலையைத் திருப்பி, பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். சுமார் ஏழு செ.மீ.க்குள் வந்தால் சரி. என் புள்ளி பக்கத்தில் தொங்கிய காலண்டருக்கே போய்விட்டது. தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்ல வேண்டிய கழுத்து தப்பாகச் சொல்கிறது, அதனால்தான் தலைசுற்றல் என்று அப்போதுதான் புரிந்தது. மல்லாந்து படுத்து, தலையைத் தூக்காமல், தாடையை மட்டும் லேசாக உள்ளே இழுத்துப் பிடிக்கும் பயிற்சி. பார்க்க ஒன்றுமே இல்லை, செய்தால் வேர்த்துவிடும். கண்ணை ஒரு எழுத்தில் நிறுத்தித் தலையை அசைக்கும் பயிற்சி தனி. கழுத்துப் பட்டையையும் கொஞ்சம் கொஞ்சமாக விட வைத்தார்.

சரியாகுமா மேடம் என்று நச்சரித்தபோது ஒரு ஆய்வைச் சொன்னார். கனடாவின் கால்கரியில் செய்தது, 2014-இல் வெளிவந்தது. விளையாட்டில் மூளை அதிர்ச்சி வந்து, அறிகுறி விடாமல் இருந்தவர்களில் கழுத்துக்கும், உடம்பைச் சமநிலையில் வைக்கும் உள்காதுக்கும் சேர்த்துச் சிகிச்சை பெற்ற 15 பேரில் 11 பேருக்கு எட்டு வாரத்துக்குள் விளையாட்டுக்குத் திரும்ப அனுமதி கிடைத்தது. வழக்கமான முறையில் 14 பேரில் ஒருவருக்குத்தான். அவர்களெல்லாம் 12 முதல் 30 வயதுக்காரர்கள் என்பதை மேடம் கடைசியில்தான் சொன்னார். எனக்குப் பிள்ளைகளே அந்த வயதில். எட்டு வாரத்தில் எனக்கு ஆகவில்லை, ஆனால் ஆனது.

தெருவுக்கும் ஒரு கும்பிடு. ஆடியில் மாரியம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர் எங்கள் ஜன்னலைப் பார்த்துத்தான் கட்டுவார்கள். பையன்கள் கேட்காமலே ஏணி போட்டு ஏறி அதை மெயின் ரோட்டுப் பக்கம் திருப்பிவிட்டார்கள். ஆத்தா கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

டிப்போவில் எனக்கு லைட் டூட்டி போட்டவர்களுக்கும், என் டிரிப்பைத் தங்கள் வாரவிடுப்பில் பார்த்துக் கொடுத்தவர்களுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். அன்று பிரேக் அடித்த டிரைவர் அண்ணன் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றுகொண்டு "என்னாலதானே" என்பார். அண்ணே, அந்த டூவீலரில் முன்னால் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அப்புறம் என்ன? இனியாவது உள்ளே வந்து காபி குடியுங்கள்.

இப்போதும் விசில் சத்தம் தலைக்குள் குத்துகிறது. அதனால் பக்கத்துத் தகரத்தில் தட்டுகிறேன்: ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு என்றால் போலாம். என்னோடு ஓட்டுகிற தம்பி அதற்குப் பழகிக்கொண்டார். பயணிகளும் தயவுசெய்து விளையாட்டுக்குத் தட்டாதீர்கள், வண்டி நின்றுவிடுகிறது.

நன்றியுடன்,
உங்கள் கண்டக்டர், மதுரை