வணிகர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் பேச வேண்டியது டிசம்பர் 2-ஆம் தேதியைப் பற்றி.

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. காற்று அடங்கியதும் தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டோம். ஆனால் சாத்தனூர் அணையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்த தண்ணீர், தென்பெண்ணையில் கரைபுரண்டு கடலூருக்கு வந்து சேர்ந்தது. ஆற்றோரம் கிடங்கு வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவர், கூரைத் தகடுகளைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். அரிசி மூட்டைகள் தரையில் கிடந்தன. அடிமூட்டைகள் ஊறி உப்பி, மேலே அடுக்கியவற்றையும் சாய்த்துவிட்டன. நான் போனபோது அவருடைய மனைவி திண்ணையில் உட்கார்ந்து, ஒட்டிக்கொண்ட பற்று நோட்டை ஏடு ஏடாகப் பிரித்து விசிறிக்கொண்டிருந்தார். மை கரைந்திருந்தது. யார் எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு வேறு சான்று இல்லை.

2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் எல்லாம் கண்ட ஊர் இது. மீட்புப் படை முதலில் உயிர்களைத்தான் காக்கும், அதுதான் முறை. முதல் சில நாட்கள் நம் கடையை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே ஜனவரி முதல் கடை கடையாகச் சென்றோம். சரக்கை முழங்கால் உயரப் பலகை மேடையில் ஏற்றச் சொன்னோம். இருப்புப் பதிவேட்டையும் பற்று நோட்டையும் வாரம் ஒருமுறை செல்பேசியில் படமெடுத்து வெளியூர் உறவினருக்கு அனுப்பச் சொன்னோம். இழப்பீடு கேட்கும்போது இருப்புக் கணக்கு இல்லாமல் வாதாட முடியாது. காப்பீட்டுப் பத்திரங்களைப் புரட்டியபோதுதான் மனம் கனத்தது: பிரீமியம் குறையும் என்று புயல், வெள்ளப் பாதுகாப்பை நீக்கியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். 5 கோடி ரூபாய் வரை சொத்து உள்ள சிறு தொழில்களுக்கு, 2021 ஏப்ரல் முதல் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசி இருக்கிறது. புயலும் வெள்ளமும் அதில் அடங்கும். புதுப்பிக்கும்போது தயவுசெய்து கேட்டுப் பாருங்கள்.

ஒரு வேலை பாக்கி. அணை திறப்புச் செய்தி கிடைத்ததும் ஆற்றோரக் கிடங்குகளுக்குத் தொலைபேசியில் சொல்லவும், சரக்கை ஏற்ற ஆளும் வண்டியும் அனுப்பவும் தெருவுக்கு இருவர் வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் ஒத்திகை நடத்த இக்கூட்டத்தின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்