ஒன்பது மணி மிஸ்டு கால்

மருமகனே,

நேற்று உன்னைப் பார்க்க வந்தபோது நாம் பேசியது மொத்தம் நாலு வார்த்தை இருக்கும். "வாங்க மாமா." "சாப்பிட்டியா?" "ம்." "சரி, வர்றேன்." நடுவில் ஒரு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்து உங்கப்பா வலை கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திரும்பி வரும்போது மண்டபம் தாண்டி பஸ் பாலத்தில் ஏறியது. காற்று முகத்தில் அடித்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. எனக்கு எப்போதும் இப்படித்தான், வாய் பிந்திவிடும். அதனால் எழுதுகிறேன்.

இதை எல்லாரும் படிக்கிற இடத்தில் போடுகிறேன். முதலில் உனக்கு அனுப்பி, நீ "போடுங்க மாமா, பேரு மட்டும் வேணாம்" என்று சொன்ன பிறகுதான் போடுகிறேன். உன் பேரும் இல்லை, ஊரும் இல்லை. தொண்டியிலிருந்து ரோச்மா நகர் வரைக்கும் இந்தக் கரையில் உன்னைப் போல தற்கொலைக்கு முயன்று பிழைத்து இந்த மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தவன் நீ ஒருத்தன் மட்டும் இருக்க மாட்டாய்.

நானும் அப்படிப் பிழைத்து வந்தவன்தான். அந்தக் கதை உனக்குத் தெரியாது. அப்போது உனக்குப் பத்து வயசு. மாமாவுக்கு மஞ்சள் காமாலை என்று உன்னிடம் சொல்லியிருந்தார்கள். ஊருக்கும் அதுதான் சொன்னது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் கீழாநெல்லியைப் பறித்துக்கொண்டு வந்தார்கள். பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே என்று நானும் பத்து நாள் அதை மோரில் கலக்கிக் குடித்தேன். காமாலை இல்லாதவன் கீழாநெல்லி குடித்தால் கசப்பைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

அது 2013. படகு இலங்கையில் மாட்டியது. ஆட்கள் வந்து சேர்ந்தோம், படகு வரவில்லை. படகின் பேரில் வாங்கிய கடன் மட்டும் கரையிலேயே இருந்தது, நாள் தவறாமல் வட்டி போட்டுக்கொண்டு. இதுதான் காரணம் என்று தெரிந்தவர்கள் சொல்லிக்கொண்டார்கள். இது மட்டும்தான் காரணம் என்றால் அந்த வருஷம் படகு மாட்டிய அத்தனை பேருக்கும் அதே முடிவு தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லையே. மூன்று மாதமாகத் தூக்கம் போயிருந்தது, மீனில் உப்பு கூடியதா குறைந்ததா என்று நாக்குக்குத் தெரியவில்லை, யார் பேசினாலும் எரிச்சல் வந்தது. அதையெல்லாம் ஒரு நோய் என்று எண்ண எங்கள் யாருக்கும் தெரியவில்லை. எனவே உன்னிடம் "ஏன்டா?" என்று கேட்கிறவர்களுக்கு நீ பதில் சொல்லக் கடமைப்பட்டவன் இல்லை. டாக்டரிடமும் கவுன்சலரிடமும் சொல்லு, போதும். நானும் கேட்க மாட்டேன்.

நான் கிடந்த ஆஸ்பத்திரியில், பேர் வேண்டாம், ஊசி போட வந்த ஒருத்தர் கேட்டார்: "பொண்டாட்டி பிள்ளைய நெனச்சுப் பாத்தியா?" நினைத்துப் பார்த்தேன் மருமகனே. நான் இல்லாவிட்டால் அவர்கள் தலைமேல் இருக்கிற பாரம் இறங்கும் என்றுதான் அன்றைக்கு மண்டை கணக்குப் போட்டது. தப்புக் கணக்கு. ஆனால் போடுகிற நேரத்தில் அது தப்பென்று தெரியாது, அவ்வளவு சரியாக இருக்கும். இப்போதும் சில நாள் அந்தக் கணக்கு வரும். வந்தால், ஓ, நீயா என்று ஒதுங்கிக்கொள்ளப் பழகிவிட்டேன்.

உங்கம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டு, "கேசாகுமா தம்பி? இவன் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கானே" என்று கேட்டாள். என் காலத்தில் ஏட்டையா கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டு போனார். பிழைத்தவனுக்கு ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் போடலாம் என்று பழைய இந்திய தண்டனைச் சட்டம் 309-ஆம் பிரிவு சொன்னது. அந்தப் பயத்தில் நான் டாக்டரிடமே பொய் சொன்னேன், ஏதோ கைதவறி நடந்துவிட்டதென்று. இப்போது அப்படி இல்லை. 2017-இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது, 2018 மே 29 முதல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. இந்த நிலைக்கு வந்தவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் பராமரிப்பும் தருவது அரசின் கடமை என்று அது சொல்கிறது. 2024 ஜூலை 1-இல் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்த 309-ஐயே சேர்க்கவில்லை. அக்காவிடம் இதை ரெண்டு தடவை சொன்னேன். நம்பின மாதிரி தெரியவில்லை. நீ படித்துக் காட்டு.

உங்க அப்பத்தா ஏர்வாடிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். போய் வா. எந்தச் சாதிமதம் ஆனாலும் இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அந்த தர்காவில் நின்றால் நெஞ்சு கொஞ்சம் லேசாகும், எனக்கும் ஆகும். ஆனால் மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகிற போக்கு வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் அந்த ஊரில் ஒரு மனநலக் காப்பகத்துக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களையும் யாரோ சொந்தக்காரர்கள்தான், குணமாகட்டும் என்று கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு அங்கேயும் நிறைய மாறிவிட்டது. மருந்தும் துவாவும் சேர்ந்தே நடக்கட்டும் என்று அரசு மனநல டாக்டர் பார்க்கிற ஏற்பாடும் அங்கே வந்தது. அப்பத்தாவிடம் இதைச் சொன்னால் மறுக்க மாட்டார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரம் வீட்டில் திருவிழாக் கூட்டம். ரெண்டாவது வாரம் பாதி. மூன்றாவது வாரம் அவரவர் பிழைப்பு. யாரையும் குறை சொல்லவில்லை, கடல் திறந்திருக்கும்போது கரையில் எத்தனை நாள் உட்கார முடியும்? ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு வருகிற அந்த முதல் ரெண்டு மூன்று மாதம்தான் ரொம்பவும் கவனமாக இருக்க வேண்டிய காலம். இதை எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை, உனக்கு நான் சொல்கிறேன்.

அந்த மூன்றாவது வாரத்தில்தான் தங்கச்சிமடத்துக் கூட்டாளி ஒருத்தன் வந்தான். என்னோடு ஏழு வருஷம் ஒரே படகில் வந்தவன். அதுவரைக்கும் எட்டிப் பார்க்கவில்லை. வந்தவன் நலம் விசாரிக்கவில்லை, புத்தி சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே, "எனக்குப் பேச வராதுடா. ராத்திரி ஒம்பது மணிக்கு ஒரு ரிங்கு விடுறேன். எடுக்காத. திருப்பி ஒரு ரிங்கு விடு. ரெண்டு பேருக்கும் காசு செலவு இல்ல" என்றான். போய்விட்டான்.

சிரிப்பாகத்தான் இருந்தது. ஒன்பது மணிக்கு அடித்தது. ஒரு ரிங், கட். நானும் ஒரு ரிங் விட்டேன். மறுநாளும். அதற்கு மறுநாள் சனிக்கிழமை. விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி கடல். காலையில் போனால் அடுத்த நாள் காலையில்தான் கரை. அவன் கடலில் இருப்பான், இன்றைக்கு வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மணிக்கு வேறொரு நம்பரிலிருந்து ஒரு ரிங், கட். அவன் பெண்சாதி. வாரத்தில் மூன்று நாள் அவள் முறை என்று வீட்டிலேயே பங்கு பிரித்திருக்கிறார்கள்.

ஒரு திங்கட்கிழமை ராத்திரி, அவள் முறை, போன் மினுங்கியது. பார்த்துக்கொண்டே இருந்தேன். திருப்பி விடவில்லை. அன்றைக்கு எனக்கு நல்ல நாள் இல்லை, அதற்குமேல் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஐந்து நிமிஷம் கழித்து இன்னொரு ரிங். அதற்கும் விடவில்லை. அரைமணி நேரத்தில் வாசலில் டார்ச் வெளிச்சம். வாடை மழை பிடித்திருந்த நேரம். சேலைத் தலைப்பால் மூடிய சின்னப்பிள்ளை இடுப்பில், பெரியவன் கையில் ஒரு நோட்டு, தலையில் உரச்சாக்கை மடித்துக் கொங்காணி போட்டிருந்தாள். "எங்க தெருவுல கரண்டு போயிருச்சுண்ணே. இவனுக்கு நாளைக்குப் பரீட்சை. செத்த நேரம் இங்க படிக்கட்டும்" என்றாள். அவள் தெருவில் கரண்டு இருந்தது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். பையனுக்குப் பரீட்சையும் இல்லை. அவன் ஏழாம் வாய்ப்பாட்டைச் சத்தம் போட்டுப் படித்தான். ஏழெட்டு ஐம்பத்தாறில் ஒவ்வொரு தடவையும் இடறினான். உன் அத்தை கருப்பட்டிக் காப்பி போட்டாள். பதினோரு மணி வரைக்கும் ஏழெட்டு ஐம்பத்தாறுதான் நடந்தது. அவர்கள் எழுந்து போகும்போது எனக்குள் இருந்த அந்த முறுக்கம் விட்டிருந்தது. இவ்வளவு நேரத்தில் அது விட்டுவிடும் என்று முன்னால் எனக்குத் தெரியாது. எப்போதும் இருக்கப்போகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

ரெண்டு வருஷத்துக்கு மேல் அந்த ரிங் வந்தது.

ரொம்பக் காலம் கழித்து, ராமநாதபுரத்தில் ஒரு கவுன்சலரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இதையே ஆராய்ச்சியாகச் செய்திருக்கிறார்கள் என்றார், நானும் தேடிப் படித்தேன். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு, அப்புறம் பிரேசில், ஈரான், சீனா என்று ஐந்து இடத்தில், இப்படிப் பிழைத்து வந்த 1,867 பேரை வைத்துச் செய்தது. 2008-இல் முடிவு வெளியானது. பாதிப் பேருக்கு வழக்கமான வைத்தியம். மீதிப் பேருக்கு அதோடு ஒரு மணி நேரம் உட்காரவைத்துப் பேசி, பிறகு 18 மாதத்தில் ஒன்பது தடவை, எப்படி இருக்கிறாய் என்று போனிலோ நேரிலோ விசாரித்தார்கள். வழக்கமான வைத்தியம் மட்டும் கிடைத்தவர்களில் ஆயிரத்துக்கு 22 பேர் என்ற கணக்கில் தற்கொலையில் போய்விட்டார்கள். இப்படி விசாரிக்கப்பட்டவர்களில் ஆயிரத்துக்கு 2 பேர். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்று ஒரு டாக்டர், அதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே, சிகிச்சைக்குத் திரும்பி வர மாட்டேன் என்றவர்களுக்குச் சும்மா ரெண்டு வரிக் கடிதம் அனுப்பிக்கொண்டே இருந்தாராம். அவர்களிலும் போனவர்கள் குறைவு. அந்தக் கடிதத்தில் பதில் போடு என்ற கட்டாயம் கிடையாது.

என் கூட்டாளி எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். அவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "கடல்ல வாக்கி டாக்கில கூப்பிட்டுக்கிட்டே இருப்போம்ல, அப்படித்தான்" என்றான்.

மீதி சில்லறை விஷயம். மாத்திரை வேலை செய்யத் தொடங்க ரெண்டு, மூன்று, நாலு வாரம்கூட ஆகும். அதுவரைக்கும் வாய் காயும், தூக்கம் தள்ளும், இது எதற்கு என்று தோன்றும். நிறுத்துவதாக இருந்தால் டாக்டரிடம் கேட்டுத்தான். மாத்திரை அட்டை உங்கம்மா கையில் இருக்கட்டும், ஒவ்வொரு வேளைக்கும் அவள் எடுத்துத் தரட்டும். உன்மேல் நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. எனக்கும் ஆறு மாதம் உன் அத்தைதான் தந்தாள், நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கடைப்பக்கம் போகாதே, குடியும் அந்த மாத்திரையும் ஆகாது. டாக்டர் உன்னிடம் நேராகவே, தற்கொலை எண்ணம் வருகிறதா என்று கேட்பார். கேட்டால் அது புதிதாக வந்துவிடும் என்று உங்கப்பா பயப்படுகிறார். வராது. எனக்கு அதை வெளியில் எடுத்து வைக்க ஓர் இடம் கிடைத்த மாதிரி இருந்தது.

ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள். என்னுடையது ஒரு டீசல் பில்லின் பின்பக்கம், இன்னும் பர்சில் இருக்கிறது. கெட்ட நாள் வருகிறதென்று எனக்கு எதில் தெரியும் (ரெண்டு ராத்திரி தூக்கம் இல்லை, குளிக்கத் தோன்றவில்லை, போனைக் கவிழ்த்து வைக்கிறேன்), தெரிந்தால் எங்கே போய் உட்காருவேன் (படகுத்துறையில் வலை கட்டுகிறவர்கள் நடுவில், தனியாகக் கடற்கரையில் இல்லை), யாரைக் கூப்பிடுவேன். கடைசி வரியில் 104, அரசின் சுகாதார உதவி நம்பர். பிறகு 2022-இல் வந்த டெலி மானஸ் என்ற மனநல உதவி நம்பரையும் சேர்த்தேன், 14416. காசு இல்லை, எந்த நேரமும் அடிக்கலாம், தமிழிலேயே பேசலாம். ஒரு தடவை விடியற்காலை மூன்று மணிக்கு அடித்தேன். எடுத்த பெண்பிள்ளை முதலில் கேட்டது, "சாப்பிட்டீங்களா?"

"பழைய ஆளா வாடா" என்று எல்லாரும் சொல்வார்கள். அதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளாதே. பழைய ஆளுக்குத்தானே இது வந்தது. 1914-இல் கட்டிய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலத்தில் மறுபடி ஓடியது. பாம்பனில் பிறந்த எனக்கு முதல் ஒரு மாதம் அந்தச் சத்தம் வேறாகக் கேட்டது, தூக்கம் கலைந்தது. இப்போது அதுதான் ரயில் சத்தம்.

மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதுவரை கரையில்தான் இருப்பேன், படகுக்குப் பெயின்ட் வேலை ஓடுகிறது. இன்றைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு உனக்கு ஒரு ரிங் வரும். எடுக்காதே. திருப்பி ஒன்று விடு. ஜூன் 15-க்குப் பிறகு திங்கள், புதன், சனி அத்தை நம்பரிலிருந்து வரும். அவளுக்கு ஒரு ரிங்கில் கட் பண்ணத் தெரியாது, நீ தெரியாமல் எடுத்துத் தொலைத்தாயானால் ஒரு மணி நேரம் பேசுவாள், பார்த்துக்கொள்.

உன் மாமா
பாம்பன்