ஐயாவின் ஒலிநாடாக்கள்: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புடைய உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் நீங்கள் எங்களிடம் ஒப்படைத்த வேலை முடிந்துவிட்டது. ஐயா விட்டுச் சென்ற கேசட்டுகள், ஸ்பூல் டேப்புகள், பழைய இசைத்தட்டுகள் எல்லாம் கணினிக்கு ஏறிவிட்டன. அவருடைய தம்புரா மறுபடி சுருதி சேர்கிறது. நூலகத்தின் பின்னறை, உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் அறையாகிவிட்டது. வரவு செலவுக் கணக்கு தணிக்கை முடிந்து பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் கேள்வி இருப்பவர்கள் பொருளாளரைப் பார்க்கலாம். கணக்கில் ஏறாத சங்கதிகளை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

ஐயாவின் பெயர் இந்த அறிக்கையில் வராது, அறை வாசலிலும் இருக்காது. குடும்பத்தார் கேட்டுக்கொண்டது அது. அவர் இருந்தபோது மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்த நாம் ஏற்பாடு செய்ததும், அன்றைக்கு மட்டும் அவர் கச்சேரிக்கே வராமல் போனதும் பலருக்கு நினைவிருக்கும்.

புதிய உறுப்பினர்களுக்காக நாலு வார்த்தை. அவர் பாடகர் இல்லை, வாத்தியக்காரரும் இல்லை. கேட்பவர். கடைசி வரிசையில் தூணோரம்தான் அவர் இடம். தாளம் போடுவது பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. மேல்துண்டுக்கு அடியில் விரல்கள் மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும். தாள வாத்தியம் மட்டும் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி அரங்கு எழுந்து வெளியே போகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறதே, சரியாக அந்த நேரம் பார்த்து அவர் பின்னாலிருந்து எழுந்து முன்வரிசைக்கு வந்து உட்காருவார். மிருதங்கக்காரர் காலி நாற்காலிகளைப் பார்த்து வாசிக்கும்படி ஆகிவிடக்கூடாது, அதுதான் காரணம். அவர் சொல்லி நாம் கேட்டதில்லை, நாமாகப் புரிந்துகொண்டது.

கேசட் உறைகளிலும் இதே மனுஷர்தான். ஒவ்வொன்றிலும் பொடி எழுத்தில் ராகம், தாளம், பக்கவாத்தியம், நாள். அதற்குக் கீழே ஒரு வரி. 'நல்ல மழை, ஓட்டின் மேல் சத்தம்.' 'வயலின் தந்தி அறுந்தது, பாட்டு நிற்கவில்லை.' குறை சொன்ன வரி ஒன்றுகூட இல்லை. அவர் எழுதிய மிகக் கடுமையான விமர்சனம், 'வித்வானுக்கு உடம்பு சரியில்லை போலும்' என்பதுதான். பட்டியல் எடுத்த இளைஞர், இந்த உறைகளை நம்பினால் நம் மேடையில் பாடியவர்களில் நாலில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று சொல்லிச் சிரித்தார்.

வேலை என்று பார்த்தால், பெட்டிகளைத் திறந்ததும் பூஞ்சைதான் முதலில் கண்ணில் பட்டது. அதைத் துடைத்துக் காயவைத்த பிறகுதான் உண்மையான சேதம் தெரிந்தது. 120 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் அடங்க வேண்டும், அதனால் நாடா மிக மெல்லியதாக இருக்கும். சீக்கிரம் இழுபடும், சுருளும். ஆலாபனை நடுவே பக்கம் மாற்ற வேண்டி வருமே என்று ஐயா பெரும்பாலும் 120-ஐயே வாங்கியிருக்கிறார். நம்மைப் படுத்தியதும் அவைதான். நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு அதை அணைத்துப் பிடிக்கும் சின்னக் கம்பளித் துண்டு பல கேசட்டுகளில் பசை காய்ந்து விழுந்திருந்தது. அவற்றின் நாடாவை எடுத்து வேறு கூட்டுக்குள் மாற்றினோம். திருகாணி போட்ட கூடுகள் சுலபம். ஒட்டி மூடியவற்றை நெம்பித்தான் திறக்க வேண்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

ஸ்பூல்களில் சில, ஓடவிட்டதும் கிறீச்சிட்டுக்கொண்டு ஹெட்டில் ஒட்டின. காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து இளகிவிடுகிற கோளாறு அது. சீரான 50 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வைத்தால் தற்காலிகமாக இறுகும், அந்த இடைவெளிக்குள் பதிவெடுத்துவிட வேண்டும். புளித்த காடி வாடை அடிக்கும் அசிடேட் நாடாவுக்கு இந்த வைத்தியம் ஆகாது; அதற்குச் சூடு காட்டவே கூடாது. இரண்டையும் பிரித்தறியத் தெரிந்த ஓய்வுபெற்ற ஒலிப்பதிவாளர் ஒருவர் கிடைத்தது நம் அதிர்ஷ்டம். அவர் சம்பளம் வாங்கவில்லை.

அப்புறம் சுருதிப் பிரச்சினை. அதுதான் நாள்களை விழுங்கியது. பேட்டரி தீரத் தீர ரிக்கார்டரின் மோட்டார் மெதுவாகச் சுற்றும். மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் பாட்டு மேலே ஏறிவிடும். சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம்; ஒரு கட்டையில் தொடங்கும் கச்சேரி மங்களம் பாடும்போது ஒன்றரைக் கட்டையைத் தொட்டிருந்தது. மின்சாரத்தில் ஓடிய பதிவுகளுக்கு ஒரு வழி உண்டு: அடியில் மெல்லிய ரீங்காரம் கேட்கும், அது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு. கணினியில் அது 53 என்று காட்டினால் நாடா ஏறக்குறைய அரைக் கட்டை உயர்ந்து ஓடுகிறது என்று பொருள். பேட்டரிப் பதிவுகளில் அந்த ரீங்காரமும் கிடையாது. அங்கே தம்புராவை மட்டும் பிடித்துக்கொண்டு, பாடகர் வழக்கமாகப் பாடும் சுருதிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம்.

இதில் ஒரு வேடிக்கை. கர்நாடக இசைப் பாடகர் எம்.டி. ராமநாதன் (1923–1984) ஐயாவுக்கு உயிர். ராமநாதன் பாடிய கேசட்டைக் கேட்ட நம் தொண்டர் ஒருவர், இது வேகம் குறைந்து ஓடுகிறது என்று நினைத்து முடுக்கிவிடப் போனார். நல்லவேளையாகப் பெரியவர் ஒருவர் அருகில் இருந்தார். நாடாவில் கோளாறு ஒன்றும் இல்லை, தாழ்ந்த சுருதியும் நிதானமான விளம்ப காலமும் ராமநாதனின் பாணியே அல்லவா!

சில ஸ்பூல்களில் பாட்டு தொடங்குவதற்கு ஒரு நொடி முன்பே அதே குரல் மிக மெலிதாகக் கேட்கிறது. பேய் பிசாசு ஒன்றும் இல்லை. வருஷக்கணக்காகச் சுற்றி வைத்த நாடாவில் ஒரு சுற்றின் காந்தப் பதிவு அடுத்த சுற்றின் மேல் லேசாகப் படிந்துவிடும். நீக்க முயன்று பார்த்தோம். ஆரம்ப ஸ்வரமும் சேர்ந்து தேய்ந்தது, விட்டுவிட்டோம்.

குழுவில் பெரிய விவாதம் நடந்தது இரைச்சல் பற்றித்தான். மென்பொருள் இருக்கிறதே, எல்லாவற்றையும் பளிச்சென்று ஆக்கிவிடலாம் என்றார்கள் சிலர். செய்து பார்த்தோம். மாறாமல் தொடர்ந்து ஒலிக்கும் எதையும் இரைச்சல் என்று கணக்கிடும் மென்பொருள் அது. தம்புரா வேறென்ன செய்கிறது? பாட்டின் பின்னாலிருந்து தம்புராவைச் சுரண்டி எடுத்துவிட்டது. குரல் மட்டும் மொட்டையாக நின்றது. சரி, துப்புரவு வேண்டாம் என்பதில் பெரும்பாலோர் ஒன்றுபட்டோம்.

அடுத்த கேள்வி, பாட்டு அல்லாத பகுதிகளை வெட்டலாமா என்பது. வீட்டில் வானொலியிலிருந்து பதிந்தவற்றில் கதவுச் சத்தம், பாத்திரச் சத்தம், இருமல் எல்லாம் உண்டு. வெட்டிவிடுவது என்றே முதலில் தீர்மானம் எழுதினோம். அந்த வாரமே ஒரு கேசட் கைக்கு வந்தது. அறிவிப்பாளர் பேசி முடித்து ஆலாபனை தொடங்கியிருக்கிறது. மைக்குக்கு அருகே ஒரு குழந்தை, இது என்ன ராகம் தாத்தா என்று கேட்கிறது. ஐயா பெயர் சொல்லவில்லை. மெதுவாக, 'க ம ரி க ரி ஸ' என்று பாடிக் காட்டுகிறார். குழந்தை திருப்பிப் பாடுகிறது, ரிஷபத்தில் இடறுகிறது. அவர் மறுபடி பாடுகிறார், இன்னும் மெதுவாக. இரண்டாம் முறை குழந்தைக்குச் சரியாக வந்ததும்தான், 'ஸஹானா' என்கிறார். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் பாடி நம்மில் ஒருவரும் கேட்டதில்லை. கிடைத்திருப்பது இந்தச் சில நொடிகள்தான். அந்த வானொலிக் கச்சேரி வேறு யாரிடமாவதும் இருக்கலாம், இது இருக்காது. தீர்மானத்தைத் திருத்தினோம். எந்தப் பதிவிலும் எதுவும் வெட்டப்படவில்லை; இருமல் உட்பட.

மூலப் பதிவுகள் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் இருக்கின்றன. ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2 ஜிபி பிடிக்கும். மூன்று பிரதிகள், அவற்றில் ஒன்று வேறு கட்டடத்தில்.

இசைத்தட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டுகள் அரக்கில் ஆனவை, ஸ்பிரிட் பட்டால் கரைந்துபோகும். காய்ச்சி வடித்த நீரால் துடைத்து, அவற்றுக்கே உரிய தடித்த ஊசியில் ஓட்டினோம். உடைந்தவற்றை ஒட்ட முயலவில்லை.

தம்புராவின் பலாக்குடத்தில் விரிசல் விட்டிருந்தது. அதை அடைத்து, தந்தியை முறுக்கும் பிரடைகள் நழுவிக்கொண்டிருந்ததைச் சரிசெய்து, நான்கு தந்திகளையும் மாற்றியாயிற்று. தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல், தந்திக்கு அடியில் வைக்கும் ஜீவா நூலை நகர்த்தி நகர்த்தி நாதம் எழும் இடத்தைப் பிடிக்கத்தான் வாத்தியக்காரருக்கு ஒரு பகல் முழுதும் ஆனது. புதிதாகப் பாலிஷ் போடலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. தேய்ந்த இடம் தேய்ந்தபடி இருக்கட்டும் என்றார். குழுவுக்கும் அதே எண்ணம். கேட்பு அறையில் யார் வேண்டுமானாலும் அதை எடுத்து மீட்டலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்போவதில்லை.

பதிவுகளை இணையத்தில் ஏற்றக் கேட்டுப் பலர் எழுதியிருந்தீர்கள். முடியாது. பாடியவர்களின் உரிமை ஐயாவிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை. அறைக்கு வந்து கேட்கலாம், பிரதி எடுக்க அனுமதி இல்லை. நம் மேடையில் பாடியவர்களும் அவர்களின் வாரிசுகளும் கேட்டால் அவர்கள் கச்சேரியின் பிரதி தரப்படும். ஸஹானா கேசட்டின் பிரதி ஒன்று, அன்றைக்குக் குழந்தையாக இருந்தவரிடம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒன்று மட்டும் பாக்கி. பெட்டிகளில் காலி உறைகள் கொஞ்சம் இருக்கின்றன. ஐயா யார் கேட்டாலும் கேசட்டை எடுத்துக் கொடுத்துவிடுவார், திருப்பிக் கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் யார் எதை வாங்கிப் போனார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். நோட்டு இப்போது செயலாளரிடம் இருக்கிறது. பெயர்களைப் படிக்கப்போவதில்லை. அறை வாசலில் ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். போட்டுவிட்டுப் போனால் போதும், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினருக்காக,
செயலாளர்